தண்ணீர்மலை: நம்ம மலையின் பேரைச் சுமந்த பிள்ளைகள்



தைப்பூசம் நெருங்குது. ரதம் கிளம்பும் நேரம், சாலை அடைப்பு, பால்குடச் சீட்டு எல்லாத்துக்கும் தனித்தனியா அறிவிப்பு வரும். இந்தப் பதிவு வேற விஷயம். ஒரே ஒரு பேரைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. வீட்டில பெரியவங்க இருந்தா அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

அர்ச்சனைச் சீட்டு எழுதுற இடத்தில தொண்டர்கள் நாங்க உட்கார்ந்தா ஊர்ப் பேரெல்லாம் காதில விழும். பெரியவங்கன்னா கணேசன், முனியாண்டி, சுப்பிரமணியம், பழனியப்பன். நடுவயசுன்னா சரவணன், குமரன், லோகநாதன். சின்னப் பிள்ளைங்கன்னா தர்ஷன், ரித்திக், கவின். எப்பவாவது ஒரு தடவை, ரொம்ப அபூர்வமா, ஒரு பெரியவர் முன்னால வந்து "தண்ணீர்மலை" என்று சொல்லுவார். வரிசையில பின்னால நிற்கிற இளையவங்க அவர் கோவில் பேரைச் சொல்றார்னு நினைப்பாங்க. இல்லை. அவர் பேரே அதுதான். அவருடைய அப்பா அம்மா வைத்த பேர்.

"மலைப் பேரை மனுஷனுக்கு வைப்பாங்களா?" என்று சிலர் கேட்கிறாங்க. வைத்தார்கள். பினாங்கில் மட்டுமில்லை, கடலுக்கு அந்தப் பக்கம் செட்டிநாட்டிலும் வைத்தார்கள். இந்த மலையை ஒரு நாளும் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் இந்தப் பேரோடு பள்ளிக்கூடம் போனார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறோம்.

முதல்ல பேருடைய பொருள். தண்ணீர் என்பது தண் + நீர். தண் என்றால் குளிர்ச்சி. சூட்டைத் தணிக்கிற, தாகத்தைத் தீர்க்கிற நீர். அதோடு மலை. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, குறிஞ்சிக்குத் தெய்வம் சேயோன், அதாவது முருகன். இது தொல்காப்பியம் சொல்ற கணக்கு. மலை, அருவி, முருகன் மூணும் சேர்ந்த இடத்தைத் தமிழன் பார்த்தா கை தானா கூப்பும். பினாங்குக்கு வந்தவங்களுக்கும் அதுதான் நடந்தது.

1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கி ஜார்ஜ் டவுன் நகரத்தைத் தொடங்கினார். துறைமுகம் வளர வளர குடிதண்ணீர் பெரிய கவலையாச்சு. கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு பேருக்குக் காணும்? மலையிலிருந்து விழும் அருவிதான் ஊரைக் காப்பாற்றியது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த அருவி நீரைக் கால்வாய் வழியாகவும் குழாய் வழியாகவும் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊர் மக்கள் குடித்தார்கள், துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் நிரப்பிக்கொண்டு போயின. மலாய்க்காரர்கள் அருவியை 'ஆயர் தெர்ஜுன்' என்றார்கள், அதாவது விழுகிற தண்ணீர். வெள்ளைக்காரர்கள் 'வாட்டர்ஃபால்' என்றார்கள். நம்ம ஆளுங்க அருவிமலை என்று இலக்கியமாச் சொல்லல. வாயில வந்த சொல்லை வைத்தார்கள்: தண்ணிமலை. எழுதும்போது தண்ணீர்மலை.

அந்த அருவிப் பக்கத்திலேயே, இப்போ தாவரவியல் பூங்கா இருக்கிற பகுதியில், முருகனுக்குச் சின்னதா ஒரு சன்னதி இருந்தது. பூங்கா 1884-ல் உருவானது. அருவி நீர் நகரத்துக்கான குடிநீர் என்பதால் அந்த இடத்தில் கூட்டம் கூடிக் குளிப்பதும் வழிபடுவதும் தொடர முடியவில்லை. சன்னதி இடம் மாறி, இன்று 513 படி ஏறிப் போற மலைக்கோவிலாக, அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயமாக நிற்கிறது. 2012-ல் புதுக் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சன்னதி அருவியை விட்டு நகர்ந்தது, பேர் நகரல. இன்றைக்கும் அருவிப் பகுதி குடிநீர்ப் பாதுகாப்பில் இருக்கு, நினைச்ச நேரம் போய்ப் பார்க்க முடியாது. அருவி கண்ணுக்கு மறைஞ்சு, பேரில் மட்டும் கொட்டிக்கிட்டு இருக்கு.

சரி, மலைப் பேர் எப்படி ஆள் பேர் ஆச்சு?

இது தமிழனுக்குப் புதுசு இல்லை. அண்ணாமலை என்ற பேரை யோசிச்சுப் பாருங்க. அது திருவண்ணாமலை. அங்கே மலையே சிவன். ஏழுமலை என்றால் திருப்பதி. சென்னிமலை, மருதமலை, சுவாமிமலை எல்லாம் முருகன் குடியிருக்கும் இடங்கள், எல்லாமே ஆண் பிள்ளைகளுக்கு வைத்த பேர்கள். பழனி, சிதம்பரம், காசி கூட ஊர்ப் பேர்தான். சாமி பேரை நேரா வைக்கிறது ஒரு வழி. சாமி இருக்கிற இடத்தின் பேரை வைக்கிறது இன்னொரு வழி. பிள்ளையைக் கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் அந்தத் தலத்துக்கு ஒரு தடவை போய்வந்த மாதிரி.

பொருளில் தண்ணீர்மலைக்கு ஓர் அண்ணன் தமிழ்நாட்டிலேயே இருக்கு. தருமபுரி மாவட்டத்தில் தீர்த்தமலை என்ற சிவத்தலம் இருக்கு. மலையிலிருந்து தீர்த்தம் விழும். அங்கே தீர்த்தகிரி என்ற பேர் ஆண்களுக்கு உண்டு. தீர்த்தம் என்றால் புனித நீர், கிரி என்றால் மலை. வெள்ளையரை எதிர்த்து 1805-ல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு இயற்பெயர் தீர்த்தகிரிதான். வடமொழிச் சொல்லில் தீர்த்தகிரி, தமிழில் சொன்னா தண்ணீர்மலை. இந்தப் பேரைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகளுக்கு இதை முதல்ல சொல்லுங்க.

ஆனா மேலே சொன்ன மலைகள் எல்லாம் இந்தியாவில் இருக்கு. கடல் தாண்டி வந்த பிறகு, இந்த மண்ணில் இருக்கிற மலையின் பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது பெரிய விஷயம். "இங்கேயும் முருகன் வந்துட்டான், இதுவும் நம்ம தலம்" என்று ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் சாட்சி. மலேசியாவில் அப்படி ஆள் பேரான மலைகளில் நமக்கு நல்லாத் தெரிந்தவை ரெண்டு. ஒன்று நம்ம தண்ணீர்மலை. இன்னொன்று கோலாலம்பூர்ப் பக்கத்துப் பத்துமலை. தம்புசாமிப் பிள்ளை வேல் நட்டு, 1892 முதல் தைப்பூசம் நடக்கிற இடம். பத்துமலை என்ற பேரோடு எத்தனையோ பெரியவர்கள் நம்ம நாட்டில் உண்டு.

இதில ஒரு அழகு பாருங்க. பத்துமலையில் உள்ள 'பத்து' எண் இல்லை. மலாய்ச் சொல்லான 'பாத்து', அதாவது கல். நம்ம ஆளுங்க அதைக் காதால் வாங்கி அப்படியே தமிழாக்கிட்டாங்க. தண்ணீர்மலையில் ஓசையை வாங்கல, பொருளை வாங்கினாங்க. ஒரு நாட்டுக்கு வந்த சனம் அந்த நாட்டு மலையைத் தன்னுடையதாக்க ரெண்டு வழி. ரெண்டுக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைகளே சாட்சி.

இனி செட்டிநாட்டுக்கு வருவோம். நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1820-களிலேயே பினாங்குக்கு வட்டித்தொழில் செய்ய வந்தவர்கள். பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்து, கீழே பெட்டியடி, அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. இப்படிக் கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதை அவர்கள் 'கொண்டு விற்கப் போறது' என்பார்கள். ஒரு கணக்கு என்றால் பொதுவா மூணு வருஷம். மனைவி மக்கள் செட்டிநாட்டில். பிள்ளை பிறந்த சேதி கடிதத்தில் வரும், பிள்ளை முகத்தைப் பார்க்க வருஷங்கள் ஆகும்.

அவர்கள் எங்கே போனாலும் முருகனைக் கூட்டிக்கிட்டுப் போவார்கள். லாபத்தில் மகமை என்று ஒரு பங்கு கோவிலுக்கு. 1857-ல் அருவி மலை அடிவாரத்தில் தண்டாயுதபாணிக்குக் கோவில் எழுப்பினார்கள். அதுதான் இன்று ஜாலான் கெபுன் புங்காவில் இருக்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவில். காரைக்குடியில் செய்த வெள்ளி ரதம் 1894-ல் கப்பலேறி வந்தது. இன்றைக்கும் தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து அந்த ரதம்தான் சுவாமியை ஏற்றிக்கிட்டுப் புறப்படுது. வழியெல்லாம் சீன பக்தர்களும் சேர்ந்து சிதறு தேங்காய் உடைக்க, அடிவாரக் கோவிலுக்குப் போய்ச் சேருது. 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் வேலைத் தாங்கி குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலிலிருந்து மலைக்கோவிலுக்குப் போகுது. அடிவாரத்தில் ஒரு முருகன், மேலே ஒரு முருகன். பக்தர்கள் வாயில ரெண்டுமே தண்ணீர்மலைதான்.

ரெண்டு இடத்திலும் இருக்கிறது தண்டாயுதபாணி, அதாவது பழனி ஆண்டவன் கோலம். நகரத்தார் பல தலைமுறைகளாகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தே போறவர்கள். கிட்டங்கியில் மாட்டிக்கொண்டவர் பழனிக்கு நடக்க முடியாது. அவருக்கு இந்த மலை பழனியாச்சு. பிள்ளை வரம் கேட்டார், கப்பலில் போனவன் நல்லபடி வரணும்னு கேட்டார், தொழில் நிமிரணும்னு கேட்டார். கேட்டது கிடைத்தபோது பிள்ளைக்கு என்ன பேர் வைப்பார்? பழனியப்பன் என்று வைக்கலாம். ஆனா செட்டிநாட்டில் தெருவுக்கு நாலு பழனியப்பன். எந்த முருகன் கொடுத்தான் என்று பேரிலேயே தெரியணும். அதனால தண்ணீர்மலை.

இப்படித்தான் ஒரு பினாங்கு மலை செட்டிநாட்டுத் தொட்டிலுக்குள் போனது.

அங்கே போன பேர் எப்படி நிலைத்தது என்பதையும் சொல்லணும். நகரத்தார் வழக்கப்படி மூத்த மகனுக்குப் பொதுவா அப்பாவைப் பெற்ற ஐயா பேர். அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற ஐயா பேர். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அப்பா முத்தையா, மகனும் முத்தையா. இந்தக் கணக்கில் புதுப் பேர் ஒன்று குடும்பத்துக்குள் நுழையறது லேசில்லை. மூணாவது நாலாவது பிள்ளைக்கு இடம் கிடைக்கும், இல்லைன்னா நேர்த்திக்கடனுக்காக வழக்கத்தை ஒதுக்கி வைப்பாங்க. ஆனா ஒரு தடவை நுழைஞ்சுட்டா அது போகாது. தாத்தா தண்ணீர்மலை, மகன் வேற பேர், பேரன் மறுபடியும் தண்ணீர்மலை. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அது திரும்பி வரும்.

அதனால காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ தண்ணீர்மலை என்று ஒருவரைப் பார்த்தா, அவர் குடும்பத்தில் யாரோ ஒருவர் நம்ம மலைக்கு முன்னால கண்ணீரோட நின்றிருக்கலாம் என்று நினைச்சுப் பாருங்க. கிட்டங்கி மூடியாச்சு, கணக்குப் புத்தகம் கரையான் அரிச்சாச்சு. அந்த வேண்டுதலை இன்னும் ஞாபகம் வைத்திருப்பது அந்தப் பேர் ஒன்றுதான்.

இந்தப் பேர் செட்டியார்களோடு நின்றுவிடவும் இல்லை. தோட்டத்துச் சனமும், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்களும் இதே மலையில் காவடி எடுத்தார்கள். அவர்கள் வீட்டில் தண்ணிமலை என்று பேச்சு வழக்கிலேயே பேர் வைத்தார்கள். தோட்டத்துக் கிராணி எப்படி எழுதினாரோ அதுதான் பத்திரத்தில் பேர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்தைக் குறைச்சா தண்ணிமலை தனிமலை ஆயிடும். பழைய பத்திரங்களில் இந்த ஒரே பேர் நாலு விதமா நிற்கும். நம் காலத்திலும் இந்தப் பேரோடு உயர்ந்தவர்கள் உண்டு. மலேசியப் பட்டய வரிக் கழகத்தின் தலைவராக இருந்த எஸ்.எம். தண்ணீர்மலை ஓர் உதாரணம்.

அப்புறம் ஏன் இவ்வளவு அபூர்வம்?

ஒரு காரணம், ஆரம்பத்திலிருந்தே இது ஒரு மலையை நம்பின பேர். அண்ணாமலைக்கு நாடு முழுக்க பக்தர்கள். தண்ணீர்மலைக்குப் பினாங்கோடு தொடர்பு இருக்கிறவர்கள்தான். அந்தத் தொடர்பு அறுந்தபோது பேரும் மெலிந்தது. ஜப்பான்காரன் காலத்தில் கப்பல் நின்றது. போருக்குப் பிறகு வட்டித்தொழில் பழைய மாதிரி இல்லை. சுதந்திரத்துக்கு அப்புறம் குடியுரிமை, விசா என்று கட்டுப்பாடுகள். பலர் கடையை மூடி ஊர் திரும்பினார்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடின ரஜூலா கப்பலும் 1970-களில் நின்றது. பினாங்கில் வேண்டிக்கொண்டு செட்டிநாட்டில் பேர் வைக்கிற அப்பாக்கள் இல்லாமல் போனார்கள். இருந்த பேர்தான் பேரன் வழியாத் திரும்பி வந்தது, புதுசா ஒன்றும் சேரல.

இன்னொரு காரணம் நம்ம நாட்டுப் பேர் முறை. அடையாள அட்டையில் பிள்ளை பேர், 'ஏ/எல்', அப்பறம் அப்பா பேர். மகன் அட்டையில் தண்ணீர்மலை இருக்கும். பேரன் அட்டையில் இருக்காது. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் விட்டுப்போன வீட்டில், ரெண்டே தலைமுறையில் பேர் காகிதத்திலிருந்து அழிஞ்சுடும். போதாததுக்கு, மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற அந்தக் காலத்து மரியாதை. தாத்தா பேர் வைத்த பேரனையும் வீட்டில் ராஜா, தம்பி, குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பேர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் மூணாவது காரணம். 'தண்ணி' என்ற நல்ல சொல்லுக்கு நாமே ஒரு கெட்ட அர்த்தம் ஒட்டிவிட்டோம். தண்ணி போட்டான், தண்ணிப் பார்ட்டி என்று பேசிப் பேசி, ஒரு பையன் பேரில் தண்ணி இருந்தாலே கிண்டல். அந்தக் கிண்டல் பட்டவர், தன் மகனுக்கு அப்படி நடக்க வேண்டாம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அப்புறம் எண் கணிதம், இணையத்தில் தேடி எடுக்கிற நாலெழுத்துப் பேர்கள். நீளமான, பழைய, 'தண்ணி' ஒட்டின பேருக்கு யார் வரிசையில் நிற்பாங்க?

பக்தர்களே, ஒரு விஷயம் யோசிங்க. சாலைப் பலகையில் நம்ம மலைக்குத் தண்ணீர்மலை என்ற பேர் இல்லை. வாட்டர்ஃபால் என்று இருக்கும், கெபுன் புங்கா என்று இருக்கும். தண்ணீர்மலை என்பது முழுக்க நம் சனம் வைத்த பேர். அது எழுதப்பட்ட இடம் நம்ம நாக்கும், கோவில் நோட்டீசும், கொஞ்சம் மனிதர்களின் அடையாள அட்டையும்தான். நாக்கு ஏற்கனவே 'ஹில்டாப்' என்று பழகிட்டது. இப்போதெல்லாம் இளைஞர்கள் "ஹில்டாப்பில் சந்திப்போம்" என்றுதான் சொல்றாங்க. அந்த மனிதர்களும் ஒவ்வொருவரா முருகன் திருவடிக்குப் போறாங்க. கோவிலுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. கூட்டம் வருஷா வருஷம் கூடுது. பேருக்குத்தான் ஆபத்து.

பேர் போனா என்ன போகும் என்று கேட்டா, இது போகும்: இந்த மலை ஊருக்கே தண்ணீர் கொடுத்தது என்ற நினைவு. திருக்குறளில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. கடவுளுக்கு அடுத்து மழைநீர். சாதி, மதம், மொழி பார்க்காமல் ஊர் முழுக்க தாகம் தீர்த்த மலைமேல் முருகன் நின்றான், அவனைத் தண்ணீர்மலையான் என்றார்கள். தைப்பூசத்தன்று தெருவெல்லாம் நாம் போடுகிற தண்ணீர்ப் பந்தல் அதே வேலையைத்தான் செய்யுது. யார் வந்தாலும் ஒரு குவளை, யார் என்று கேட்கிறதில்லை. ஒரு பிள்ளைக்குத் தண்ணீர்மலை என்று பேர் வைத்தால், "நீ நாலு பேர் தாகம் தீர்க்கிறவனா இரு" என்று வாழ்த்துவதுதான் அர்த்தம். இதைவிட நல்ல வாழ்த்து எந்த நாலெழுத்துப் பேரில் இருக்கு?

எல்லாரும் பிள்ளைக்கு இந்தப் பேரை வையுங்க என்று கட்டளை போட நாங்க யார்? பேர் வைப்பது அப்பா அம்மா உரிமை. ஆனா சின்னச் சின்னதாச் செய்யக்கூடியது இருக்கு.

உங்க குடும்பத்தில் தண்ணீர்மலை, தண்ணிமலை என்று ஒரு தாத்தாவோ பூட்டனோ இருந்தா, அந்தப் பேர் ஏன் வைத்தாங்க, என்ன வேண்டுதல் என்று வீட்டுப் பெரியவங்க கிட்ட இப்பவே கேட்டு எழுதி வையுங்க. கேட்கக்கூடிய ஆள் இருக்கும்போதே கேளுங்க. புதுசாப் பிறந்த பிள்ளைக்கு நீங்க விரும்பின பேரை வைத்துவிட்டு, காது குத்தும்போதோ தொட்டிலிலோ தாத்தா பேரையும் ஒரு தடவை காதில் சொல்லுங்க. பிறப்புப் பத்திரத்தில் ரெண்டாவது பேராச் சேர்க்க மனசிருந்தா இன்னும் நல்லது. அந்தத் தாத்தாவுக்கு அர்ச்சனையோ அன்னதானமோ செய்யும்போது செல்லப் பேரைச் சொல்லாதீங்க, முழுப் பேரையும் சொல்லுங்க. நாங்க முழுசா எழுதுவோம், ஐயர் முழுசாச் சொல்லுவார்.

அப்புறம் ஒரு அன்பான வேண்டுகோள். வகுப்பிலோ வேலையிடத்திலோ இந்தப் பேரோட யாராவது இருந்தா கிண்டல் பண்ணாதீங்க. பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுங்க. அது குடிக்கிறவன் பேர் இல்லை. ஊருக்கே குடிக்கக் குடுத்த மலையின் பேர்.

இந்த வருஷம் 513 படியும் ஏறி மேலே போய், மூச்சு வாங்க நின்று ஜார்ஜ் டவுனைத் திரும்பிப் பார்க்கும்போது, "தண்ணீர்மலை" என்று ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லிப் பாருங்க.

தண்ணீர்மலை வேலனுக்கு அரோகரா!
பால தண்டாயுதபாணிக்கு அரோகரா!

இப்படிக்கு,
கோவில் தொண்டர்கள்